பொறுமை மருந்தன்று: முழங்கால் மாற்று அறுவையும் மலைநாட்டுப் பெண்களின் வலியும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வெற்றி பெற்றதா என்பதை எக்ஸ்ரே படத்தைப் பார்த்து முடிவு செய்யும் வழக்கத்தை இனியாவது நாம் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். உலோகம் எலும்பில் சரியாகப் பொருந்திவிட்டது, தையல் ஆறிவிட்டது, நோயாளி சில நாள்களில் நடந்தே வீடு சென்றார், ஆகவே வெற்றி. வீடு சென்றபின் வரும் 12 வாரங்களில் அந்த உடல் என்ன பட்டது, எத்தனை இரவுகள் உறங்கவில்லை, கால் மடங்கியதா என்பவை இந்தக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை. என் வாதம் இதுதான். அறுவைக்குப் பிந்தைய வலியைத் தணிப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. அதைக் கருணையாகவோ கூடுதல் சலுகையாகவோ கருதக் கூடாது. அந்த வேலையை நோயாளியின் பொறுமையிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது மருத்துவம். அப்பொறுமையைப் பண்பாடென்று கொண்டாடுகிறது நம் ஆய்வெழுத்து. இரண்டுக்கும் இத்தவற்றில் சம பங்கு உண்டு.

இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலை முன்வைத்து இதை எழுதுகிறேன். பெரும்பாலோர் இப்பெயரை 2023 ஏப்ரலில்தான் முதன்முதலில் கேட்டனர். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடிப்பது குறித்துக் கேரள உயர் நீதிமன்றம் வல்லுநர் குழு அமைத்தது; ஏப்ரல் 29 அன்று அது பிடிக்கப்பட்டபோது எத்தனை மயக்க ஊசிகள் செலுத்தப்பட்டன என்பது வரை செய்தியாயிற்று. அந்த உயிரின் துன்பத்தைப் பற்றி அன்று எழுந்த அக்கறையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே ஊரில், அதே சரிவுகளில், முப்பது நாற்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய பெண்களின் முழங்கால்கள் தேய்ந்து போயிருப்பதைப் பற்றி ஒரு தொலைக்காட்சி விவாதமும் நடந்ததில்லை. அதை ஒரு பொருளாகக் கொள்ளலாம் என்ற எண்ணமே நமக்கு வந்ததில்லை.

முழங்கால் தேய்மானத்தை முதுமையின் இயல்பான விளைவு என்று சொல்லிக் கடப்பது எளிது. முதுமை, உடல் எடை, மரபு ஆகியவை காரணங்களே; பெண்களிடம் இந்நோய் மிகுதி என்பதும் உண்மை. ஆனால் நீண்ட காலம் மண்டியிடுவதும் குத்தவைத்து அமர்வதும் சுமையோடு ஏறி இறங்குவதும் மூட்டைத் தேய்க்கும் என்பது மருத்துவ உலகில் புதிய செய்தியன்று. ஜெர்மனியில் 2009 முதல் முழங்கால் மூட்டுத் தேய்மானம் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. வாழ்நாளில் குறைந்தது 13,000 மணி நேரம் மண்டியிட்டோ அதற்கு நிகரான நிலையிலோ உழைத்திருக்க வேண்டும் என்ற அளவுகோலும் அங்கே உண்டு. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு இந்த ஏற்பு கிடைத்தது. இனித் தேயிலைச் சரிவை நினைத்துப் பாருங்கள். கொழுந்து மூட்டையோடு இறங்கும் ஒவ்வொரு அடியிலும் உடலின் எடையும் சுமையின் எடையும் முழங்காலில்தான் விழுகின்றன. பக்கத்து ஏலத்தோட்டங்களில் நிலை இன்னும் கடுமை. ஏலக்காய்ச் சரம் செடியின் அடியில், மண்ணோடு ஒட்டிக் காய்க்கிறது. அதைப் பறிப்பவர் நாள் முழுவதும் குத்தவைத்தோ குனிந்தோதான் இருக்க வேண்டும். தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி வரும் பெண்கள் செய்யும் வேலை இது. அவர்கள் எத்தனை மணி நேரம் அப்படி அமர்ந்தனர் என்று எண்ணிப் பார்த்த அரசு எதுவுமில்லை.

காலம் செய்யும் சதி ஒன்றும் உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதி செய்து தரும் பொறுப்பை முதலாளியின் மேல் வைத்தது. ஆனால் தோட்டத்தில் ஓய்வு வயது 58. மூட்டு மாற்று அறுவையோ பெரும்பாலும் அறுபதை ஒட்டித்தான் தேவைப்படுகிறது. உழைப்பால் விளைந்த நோய் முற்றும் பருவத்தில், உழைப்பால் கிடைத்த உரிமை முடிந்துவிடுகிறது. ஓய்வுபெற்றவர் லயத்தை விட்டு வெளியேற வேண்டும். மகனோ மருமகளோ அத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால்தான் அந்த ஒற்றை அறையில் தொடர்ந்து இருக்க முடியும். 2015 செப்டம்பரில் மூணாறில் ‘பெண்களின் ஒற்றுமை’ என்னும் பொருள்படப் ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர்பெற்ற எழுச்சியில், தொழிற்சங்கங்களை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பெண்கள் தாமே சாலையில் அமர்ந்தனர். போனசும் தினக்கூலியும் முதன்மைக் கோரிக்கைகளாக இருந்தன. அப்போராட்டத்தைப் பற்றி நாம் கட்டுரைகள் பல எழுதினோம். அவர்கள் எந்த முழங்கால்களோடு சாலையில் அமர்ந்தனர் என்று எழுதினோமா?

அரசு எதையும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவிலை விதித்தது. அதுவரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற கோபால்ட்–குரோமியம் மூட்டின் விலை, ஜி.எஸ்.டி. நீங்கலாக, 54,720 ரூபாயாகக் குறைந்தது. 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டமும், கேரளத்தில் அதனோடு இணைந்த காருண்யா காப்பீடும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கின்றன. இவை உண்மையான சாதனைகள். இல்லாவிட்டால் தோட்டப் பெண்ணொருத்தி இந்த அறுவையைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது. ஆனால் இந்தச் சாதனைகளின் வடிவத்தைக் கவனியுங்கள். விலை விதிக்கப்பட்டது உலோகத்துக்கு. காப்பீடு ஏற்றது கட்டிலை. ஆயுஷ்மான் பாரத் விதிப்படி, மருத்துவமனையை விட்டு வந்தபின் 15 நாள்களுக்கான செலவு மட்டுமே சிகிச்சைத் தொகுப்பில் அடங்கும். முழங்காலோ 15 நாளில் குணமாவதில்லை. வீக்கம் வடிவதற்கும் தசை வலுப்பெறுவதற்கும் மூட்டு மடங்கிப் பழகுவதற்கும் குறைந்தது 12 வாரங்கள் தேவை. எஞ்சிய பத்து வாரங்கள் யாருடைய பொறுப்பு?

‘அறுத்தால் வலிக்கத்தானே செய்யும்’ என்று ஒருவர் கேட்கலாம். வலிக்கும், அதை யாரும் மறுக்கவில்லை. முதல் இரண்டு மூன்று நாள்களில் வலி உச்சத்தில் இருக்கும், பிறகு வாரக் கணக்கில் மெல்லக் குறையும். ஆனால் இந்த அறுவையில் வலிக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. வலித்தால் நோயாளி காலை மடக்க மாட்டார். மடக்காத மூட்டுக்குள் தழும்புத் திசு வளர்ந்து இறுகும். முதல் சில வாரங்களில் கிடைக்காத மடக்கத்தைப் பிறகு பெறுவது கடினம்; சிலருக்கு மறுபடியும் மயக்கம் கொடுத்து மருத்துவர் மூட்டை மடக்க வேண்டியிருக்கும். படியேறி இறங்கவே ஏறத்தாழ 90 பாகை மடக்கம் வேண்டும். லயத்து வீட்டுக்கு மேடு பள்ளமான படிகள், தரையில் அடுப்பு, குந்தி அமரும் கழிப்பறை. இந்த வாழ்க்கைக்கு 90 பாகையே போதாது. ஆக, வலியைக் கவனிக்காமல் விட்டால் இழப்பது சில இரவுகளின் உறக்கத்தை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. எதற்காக அறுவை செய்யப்பட்டதோ அதையே இழக்கிறோம். பொருத்திய உலோகம் விறைத்த காலுக்குள் பத்திரமாக இருக்கும். எக்ஸ்ரேயும் அழகாகவே வரும்.

இந்த வலியைத் தணிக்கும் வழிகள் விண்வெளி விஞ்ஞானமும் அல்ல. அறுவைக்குப் பிந்தைய வலி குறித்து ஆய்வுகளைத் தொகுத்துப் பரிந்துரை வழங்கும் ‘பிராஸ்பெக்ட்’ என்ற பன்னாட்டு வல்லுநர் குழு 2022இல் முழங்கால் மாற்றுக்கெனத் தன் பரிந்துரையைப் புதுப்பித்தது. பாராசிட்டமால், சிறுநீரகமும் வயிறும் இதயமும் இடங்கொடுத்தால் அதனோடு ஓர் அழற்சித் தணிப்பி, அறுவையின்போது ஒருமுறை டெக்சாமெத்தசோன், தொடையின் உட்புற நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, மூட்டைச் சுற்றி மரப்பு மருந்து. இவற்றுக்கும் அடங்காத வலிக்கு மட்டும், சில நாள்களுக்கு மட்டும், அபின் வகை மருந்து. ஒவ்வொன்றும் வலியின் பாதையில் வெவ்வேறு இடத்தை அடைப்பதால், ஒன்றின் அளவை அபாயமாக உயர்த்தத் தேவையில்லை. இவற்றோடு பனிக்கட்டி ஒத்தடமும், காலை உயர்த்தி வைத்தலும், மருந்து வேலை செய்யத் தொடங்கியபின் உடற்பயிற்சியும் சேர வேண்டும். வசதியாக இருக்கிறதென்று முழங்காலின் அடியில் தலையணையை வைத்துக்கொண்டே உறங்கினால் கால் நேராவது தடைபடும்; இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். இதில் கிடைத்தற்கரிய பொருள் எது? கிடைத்தற்கரியது அந்த ஒரு நிமிடம்தான்.

சூரியநெல்லிப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்து ஓய்வுபெற்றவர் என் அத்தை. சமவெளியிலுள்ள ஒரு மருத்துவமனையில் அவருக்கு வலது முழங்கால் மாற்றப்பட்டது. அறுவையில் குறையில்லை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் அவர் ஐந்தாம் நாள் ஜீப்பில் கடந்தார். கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட டிஸ்சார்ஜ் சீட்டு. அதில் வலி மாத்திரைக்கு எதிரே ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று மூன்று எழுத்துகள். தேவைப்பட்டால் மட்டும் என்பது அதன் பொருள். மருந்துக்கடைக்காரர் ‘ரொம்ப வலிச்சா மட்டும் போடுங்கம்மா’ என்று மொழிபெயர்த்தார். நாற்பது ஆண்டுகள் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற பெண்ணிடம் ‘ரொம்ப’ என்ற சொல்லின் அளவை விட்டுவிட்டால் என்ன நடக்கும்? பத்து மாத்திரைகளில் எட்டு அட்டையிலேயே இருந்தன. ‘இதெல்லாம் ஒரு வலியாய்யா, பொறுத்துக்கலாம்’ என்றார். மூன்று மாதம் கழித்து அவர் கால் பாதிதான் மடங்கியது.

‘தேவைப்பட்டால்’ என்ற அறிவுரை நடுநிலையானது போலத் தோன்றும். நோயாளியின் விருப்பத்தை மதிப்பது போலவும் தோன்றும். ஆனால் வலி என்றால் கேட்டு வாங்கலாம் என்று வாழ்நாளில் ஒருமுறையும் கற்பிக்கப்படாத ஒருவரிடம் அத்தேர்வை விடுவது, மருந்தை மறுப்பதற்குச் சமம். உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு வகுத்த நெறிகளுள் ஒன்று, மருந்தைக் கடிகாரப்படி கொடு என்பது. வலி தலைதூக்கும்வரை காத்திராதே, அதற்கு முன்பே கொடு. அறுவைக்குப் பிந்தைய முதல் நாள்களுக்கும் இந்நெறி பொருந்தும்: அடிப்படை மருந்துகளை நேரம் குறித்துக் கொடுத்து, வலி குறையக் குறையப் படிப்படியாக நிறுத்த வேண்டும். காலை ஆறு மணி, பகல் இரண்டு மணி, இரவு பத்து மணி என்று தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் என் அத்தை அதை மீறியிருக்க மாட்டார். தோட்டத்தில் சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்கு உண்டு வாழ்ந்தவர் அவர். கடிகாரத்துக்குக் கீழ்ப்படியத் தெரிந்தவரிடம் கடிகாரத்தைத் தராமல் பொறுமையைக் கேட்டோம்.

பொறுமையைப் போற்றுவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. எல்லா வலியும் ஒன்றன்று. கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிர் போகும். குறைந்துவந்த வலி மீண்டும் ஏறி, காய்ச்சலும் சிவப்பும் கசிவும் சேர்ந்தால் மூட்டில் கிருமி புகுந்திருக்கலாம். தாமதித்தால் பொருத்திய மூட்டையே எடுக்க வேண்டிவரும். ‘பொறுத்துக்கொள்’ என்று பழக்கப்பட்டவர் இவற்றையும் பொறுத்துக்கொள்வார். மறுபுறம், பொறுமை தீரும்போது அவர் மருத்துவரிடம் போவதில்லை. அருகிலுள்ள மருந்துக்கடைக்குப் போகிறார். டைக்குளோஃபினாக் மாத்திரையையும் ‘வலி ஊசி’யையும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள அறுபது வயது உடலில் அது சிறுநீரகத்தைத் தின்கிறது. வலிக்கு முறையான மருத்துவத்தை மறுத்தால் நோயாளி மருந்தில்லாமல் இருந்துவிடுவார் என்று எண்ணுவது பேதைமை. அவர் கண்காணிப்பில்லாத மருந்துக்குப் போவார்.

மொழியைப் பற்றியும் பேச வேண்டும். தமிழ் படித்தவர்கள் நாம் அதைப் பேசாவிட்டால் யார் பேசுவது? மலையாளத்தில் உடல் நோவுக்கு ‘வேதனை’ என்று பெயர். ‘வலி’ என்பது அங்கே இழுத்தலைச் சுட்டும் சொல். தமிழிலோ வேதனை பெரும்பாலும் மனத்துயரத்தைக் குறிக்கும். எல்லைப்புறச் செவிலியருக்கு இரு வழக்கும் தெரியும். மலையிறங்கிப் பெரு நகரத்து மருத்துவமனைக்குப் போகும்போது அந்த நல்வாய்ப்பு உறுதியில்லை. அங்கே கேட்கப்படும் கேள்வி வேறு: ‘பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலிக்கு எத்தனை?’ நம் பெண்களிடம் எண்கள் இல்லை, சொற்கள் இருக்கின்றன. கடுப்பு, குடைச்சல், குத்தல், இழுப்பு, உளைச்சல், எரிச்சல், மதமதப்பு, விண்விண் என்று தெறித்தல். இவை வெறும் வட்டார அழகுகள் அல்ல. எரிச்சலும் மதமதப்பும் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற சுரீரும் நரம்புவழி வலியைச் சுட்டலாம்; அதற்கு மருந்து வேறு. 1975இல் ரொனால்டு மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல், நோயாளிகள் பயன்படுத்தும் இத்தகைய சொற்களையே நோயறியும் கருவியாக்கியது. தமிழின் வலிச் சொற்களை மருத்துவருடன் அமர்ந்து தொகுத்து, மலைநாட்டு மருத்துவமனைகளில் பயன்படும்படி ஆக்கித் தருவது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குத் தகுதியற்றதா?

இங்கேதான் நம்முடைய பங்கு வருகிறது. தோட்டத் தொழிலாளர் பற்றி நாம் எழுதும் ஆய்வேடுகளில் கூலி உண்டு, நிலம் உண்டு, சாதி உண்டு, இடப்பெயர்வு உண்டு. உடல் வரும்போது அது பெரும்பாலும் ‘தாங்கும் உடல்’ ஆகவே வருகிறது. ‘சளைக்காத உழைப்பு’, ‘வலிகளைத் தாண்டிய வாழ்வு’ என்று அத்தியாயத் தலைப்பு வைக்கிறோம். தமிழில் ‘வலி’ என்ற சொல்லுக்கு வலிமை என்றும் நோவு என்றும் இரு பொருள் உண்டு. திருக்குறளின் 48ஆம் அதிகாரமான ‘வலியறிதல்’ பேசுவது வலிமையைப் பற்றியே. மொழியில் அருகருகே வாழும் இவ்விரு பொருள்களையும் நாம் எழுத்தில் ஒன்றாக்கிவிட்டோம்: வலியைத் தாங்குவதே வலிமை என்று. அந்தச் சமன்பாடு தோட்ட நிர்வாகத்துக்கு மிக வசதியானது. கூலி உயர்த்தச் செலவாகும், மருத்துவம் செய்யச் செலவாகும், புகழுரைக்கு ஒரு காசும் ஆகாது.

இந்தப் புகழுரைக்கு ஓர் இருண்ட உறவினர் உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குத் தோல் தடித்தது, வலி குறைவு என்ற பொய் அடிமைமுறைக் காலத்திலிருந்து வந்தது. 2016இல் வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளையின மருத்துவ மாணவர்களிடையே நடத்திய ஆய்வு, அப்பொய்களில் சிலவற்றை அவர்களுள் கணிசமானோர் நம்புவதையும், அந்நம்பிக்கை உள்ளவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிடுவதையும் காட்டியது. ‘எஸ்டேட் ஆளுங்க, தாங்குவாங்க’ என்ற சொல்லை நாமும் கேட்டிருக்கிறோம். மலையிலுள்ள தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தலித் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அச்சொல்லை மறுபடி கேளுங்கள். அன்பாகச் சொன்னாலும் இகழ்ச்சியாகச் சொன்னாலும், அந்த உடலுக்கு மருந்து குறைவாகப் போதும் என்பதே அதன் நடைமுறை விளைவு. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது ஒரு குறிப்பைச் சேர்த்தது: வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது மதிக்கப்பட வேண்டும். சொல்லவே பழகாதவரைச் சொல்ல வைப்பதும் அந்த மதிப்பில் அடங்கும் என்பேன்.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் எழும். முதலாவது, போதைப் பழக்கம். அமெரிக்காவில் 1990களில் வலியை ‘ஐந்தாம் உயிர்க்குறி’ என்று முழங்கினார்கள். 1996இல் ஆக்ஸிகான்டின் சந்தைக்கு வந்தது. மருந்து நிறுவனங்களின் பேராசையால் லட்சக்கணக்கான உயிர்கள் போயின. அந்த வழியில் நாமும் போக வேண்டுமா? வேண்டியதில்லை. ஆனால் நம் நாட்டின் நோய் அதன் மறுதலை. இந்தியா உரிமம் பெற்ற உழவர்களைக் கொண்டு அபின் விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த கெடுபிடிகளால், இங்கேயே புற்றுநோயாளிகள் மார்ஃபின் கிடைக்காமல் துடித்தனர். 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. 2018இல் டிரமடாலும் அச்சட்டத்தின் கீழ் வந்தது. முறைகேட்டைத் தடுக்கக் கட்டுப்பாடு தேவைதான். ஆயினும் நான் கேட்பது மூட்டை மூட்டையாக அபின் மாத்திரைகளை அன்று. மேலே சொன்ன பட்டியலில் அபின் வகை மருந்து கடைசி இடத்தில், சில நாள்களுக்கு மட்டுமே வருகிறது. நேரம் குறித்துப் பாராசிட்டமால் எழுதித் தருவதை மறுக்க அமெரிக்கப் பேரழிவைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

இரண்டாவது வாதம், ஆளில்லை, நேரமில்லை என்பது. இதை நான் மதிக்கிறேன். அரசு மருத்துவமனைகளில் எலும்பு மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் செவிலியரும் சுமக்கும் பளு எனக்குத் தெரியாததன்று. அவர்களைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமும் இல்லை. ஆனால் இந்த வாதத்தைக் கேரளத்தில் நின்று சொல்வது பொருந்தாது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். இராஜகோபால் உள்ளிட்டோர் தொடங்கிய வலித் தணிப்பு மருத்துவ இயக்கம், சில ஆண்டுகளில் கேரளமெங்கும் ஊர்மக்கள் தாங்கி நடத்தும் அமைப்பாகப் பரவியது. 2008இல் நாட்டிலேயே முதன்முதலாக வலித் தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வெளியிட்ட மாநிலம் கேரளம். பஞ்சாயத்துகள் வழியே செவிலியர் வீடு தேடிச் சென்று படுக்கையில் கிடப்போரைக் கவனிக்கும் முறை அங்கே வேரூன்றியுள்ளது. வீடு தேடிச் செல்லும் அச்செவிலியர், மூட்டு மாற்று முடிந்து லயத்துக்குத் திரும்பிய பெண்ணின் வீட்டுக்கும் முதல் ஆறு வாரங்களில் நான்கு முறை போவதற்குப் புதிய கட்டடம் எதுவும் எழுப்ப வேண்டியதில்லை. சாகப்போகிறவரின் வலியைத் தணிப்பதை அறமென்று ஏற்ற சமூகம், வாழப்போகிறவரின் வலியையும் அதே கண்ணால் பார்க்கலாம்.

எளிய பின்தொடர்தலுக்குப் பயன் உண்டு என்பதற்குச் சான்றும் உள்ளது. முழங்கால் மாற்றியவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலி நீடிக்கிறது என்பது 2012இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்றின் முடிவு. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் வழிநடத்திய ‘ஸ்டார்’ ஆய்வில், அறுவை முடிந்து மூன்றாம் மாதத்திலும் வலி நீடித்தவர்களை அழைத்து ஒரு மணி நேரம் பரிசோதித்தனர், காரணத்துக்கேற்ற சிகிச்சைக்கு அனுப்பினர், தொலைபேசியில் விசாரித்தனர். ஓராண்டின் முடிவில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு வலி குறைந்திருந்தது. 2022இல் வெளியான இம்முடிவில் அதிசயக் கருவி ஏதும் இல்லை. யாரோ ஒருவர் கேட்டார், அவ்வளவே.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. மூட்டு மாற்றுக்கான காப்பீட்டுத் தொகுப்பு 15 நாளில் முடியாமல், இயன்முறை மருத்துவத்தையும் வலி மருந்தையும் உள்ளடக்கி 12 வாரம் நீள வேண்டும். இடுக்கியின் தமிழ் நோயாளிகளுக்கு டிஸ்சார்ஜ் சீட்டு தமிழிலும், மருந்து நேரம் குறித்தும், ஆபத்து அறிகுறிகளைப் பட்டியலிட்டும் தரப்பட வேண்டும். பஞ்சாயத்தின் வீட்டுப் பராமரிப்புப் பணி இந்நோயாளிகளையும் ஏற்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் ஒருமுறை, கால் எவ்வளவு மடங்குகிறது, வலி எப்படி இருக்கிறது என்ற இரு கேள்விகளும் கேட்கப்பட்டுப் பதிவாக வேண்டும். அந்தப் பதிவைக் கொண்டே அறுவையின் வெற்றி அளக்கப்பட வேண்டும். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளரின் முழங்கால் தேய்மானத்தைத் தொழில்நோயாகக் கருதுவது குறித்து ஆராய இரு மாநில அரசுகளும் முன்வர வேண்டும். அந்த உடல்கள் உழைத்தது கேரளத்தில், அவை முதுமைக்குத் திரும்புவது பல நேரங்களில் தமிழ்நாட்டுக்கு.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை களப்பணிக்கு மலையேறும்போது, உங்கள் வினாநிரலில் கூலிக்கும் சாதிக்கும் அடுத்து ஒரு கேள்வியைச் சேருங்கள்: ‘எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது?’ பதிலைக் கேட்பவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘பொறுத்துக்கலாம்’ என்று அவர் சொன்னால் அதை மேற்கோள் குறிக்குள் வைத்துப் போற்றாதீர்கள். எத்தனை நாளாக, எதற்காக, யாருடைய வசதிக்காக என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.